வெளிநாட்டில் ஒப்பந்த வேலை: பயணம், தங்குமிடம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்கரையில் காலை நடைக்குப் போனால், திருவள்ளுவர் சிலையைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி "அக்கா, ஒரு சந்தேகம்" என்று தொடங்கிவிடுவார். நிறுவன வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்தில் மென்பொருள் வேலை செய்யும் பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். முதல் தடவையாக ஜெர்மனிக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும் பதற்றம் அவர்கள் முகத்தில் தெரியும். நான் 2012 முதல் இப்படித்தான் போய்வருகிறேன். சில பயணங்கள் மூன்று வாரம், சில பயணங்கள் ஏழு மாதம். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. கிளம்புமுன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

"கம்பெனியில் இருந்தவரை டிக்கெட்டும் ஹோட்டலும் தானாக வந்தன. இப்போது எதிலிருந்து தொடங்குவது?"

ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள். விமான டிக்கெட் தேடுவதற்கு முன் ஒப்பந்தத்தைத் திறந்து பயணம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "நியாயமான பயணச் செலவு திருப்பித் தரப்படும்" என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதாது. எது நியாயம் என்பதை, நீங்கள் செலவழித்த பிறகு அவர்கள் தீர்மானிப்பார்கள். டிக்கெட்டை யார் வாங்குவது, அறைக்கு இரவுக்கு எவ்வளவு வரை, அறையிலிருந்து அலுவலகம் போய்வரும் செலவு யாருடையது, பயணப்படி நாளுக்கு எவ்வளவு, பயணத்தில் கழியும் நாளுக்கு ஊதியம் உண்டா, அவர்கள் தேதியை மாற்றினால் நஷ்டம் யாருடையது என்ற அத்தனையும் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தைத் திருத்த மறுத்தால், இவற்றை ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பி, "ஒப்புக்கொள்கிறோம்" என்று பதில் வாங்குங்கள். நிறுவனப் பணியாளருக்குப் பின்னால் ஓர் அலுவலகம் நிற்கிறது. நமக்குப் பின்னால் நாம் எழுதி வாங்கியது மட்டும்தான் நிற்கிறது.

டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கிளையன்ட்டே நேரடியாகப் பணம் கட்டுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. நாம் செலவழித்துவிட்டு 45 நாள் கழித்துத் திரும்ப வாங்குவது, அந்த நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பதற்குச் சமம். இதற்கு வரி சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

"மீட்டிங் என்று கடிதம் தருகிறார்களாம். பிசினஸ் விசாவில் போய் வேலையை முடித்துவிட்டு வந்துவிடலாமா?"

வேண்டாம். குறுகிய காலப் பிசினஸ் விசா என்பது கூட்டத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் கண்காட்சிக்கும் தரப்படுவது. கிளையன்ட்டின் அலுவலகத்தில் தினமும் உட்கார்ந்து அவர்களுக்கான மென்பொருளை எழுதித் தந்து அதற்கு விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) அனுப்பினால், பல நாடுகளின் பார்வையில் அது வேலை. அதற்கு வேறு அனுமதி தேவை. எல்லையில் அதிகாரி "இங்கே என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கும்போது உங்கள் பையில் மூன்று மாத வேலைத் திட்டம் இருந்தால், அழைப்புக் கடிதம் உங்களைக் காப்பாற்றாது. திருப்பி அனுப்பப்பட்ட பதிவு உங்கள் பெயரில்தான் இருக்கும். கடிதம் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது.

எந்த வகை விசா என்பதைக் கிளையன்ட்டின் சட்டப் பிரிவு எழுத்தில் சொல்லட்டும். சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் வேலையை நான் இரண்டு முறை விட்டிருக்கிறேன். இரண்டு முறையும் பணம் தேவைப்பட்ட காலம்தான்.

"விசா வருவதற்கு முன்பே டிக்கெட் கேட்கிறார்களே, வாங்கிவிடலாமா?"

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண முன்பதிவைக் காட்டினால் போதும். பணம் கட்டி முடித்த, திருப்பித் தரப்படாத டிக்கெட்டை வாங்கிவைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் பதிவும், விமான நிறுவனமோ டிராவல் ஏஜென்ட்டோ தரும் உண்மையான முன்பதிவும் போதுமானவை. போலி முன்பதிவுச் சீட்டு விற்பவர்களிடம் போக வேண்டாம். சரிபார்க்கும்போது அந்தப் பதிவு இல்லையென்றால் விண்ணப்பத்தின் மீதான நம்பிக்கையே போய்விடும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில வேளைகளில் 45 நாள் வரை நீளும். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு நல்ல மாற்றம் வந்தது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு, பொதுவாக இரண்டாண்டு பலமுறை நுழைவு விசாவும், அதன் பிறகு ஐந்தாண்டு விசாவும் கிடைக்க வழி பிறந்தது. அதனால் முதல் இரண்டு விசாவையும் ஒரு பிசகும் இல்லாமல் பயன்படுத்துங்கள்.

"90 நாள் கணக்கு எனக்குப் புரியவே இல்லை."

ஐரோப்பாவில் இருக்கும் எந்த நாளிலும் அதற்கு முந்தைய 180 நாளைத் திரும்பிப் பாருங்கள். அதற்குள் நீங்கள் ஷெங்கன் நாடுகளில் இருந்த நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். ஜெர்மனியில் 60 நாள், நெதர்லாந்தில் 40 நாள் என்று பிரித்தாலும் மொத்தம் 100தான். நீண்ட கால விசாவோ வசிப்பு அனுமதியோ வைத்திருந்தால், அதைக் கொடுத்த நாட்டில் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் வராது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகமும் கைரேகையும் கணினியில் பதிவாகத் தொடங்கியிருக்கின்றன. முத்திரை தெளிவாக இல்லை என்று சொல்லித் தப்பிக்கும் காலம் முடிந்தது.

"பதினைந்தாம் தேதி விமானம் என்று போட்டிருந்தது. பதினைந்தாம் தேதி இரவு போனேன், விமானம் முந்தைய இரவே போய்விட்டது என்கிறார்கள்!"

பெங்களூரிலிருந்து மேற்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின் கிளம்புபவை. 15-ஆம் தேதி 1:30 மணி என்றால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். நம் வீடுகளில் விடிந்தால்தான் அடுத்த நாள் என்று எண்ணிப் பழகியதால் படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள். டிக்கெட் வந்ததும் வீட்டுக் காலண்டரில் 14-ஆம் தேதிக் கட்டத்தில் "இன்று இரவு" என்று எழுதுங்கள். மழைக்காலத்தில் ஹெப்பாள் வழியே தேவனஹள்ளி விமான நிலையம் போக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

"கிளையன்ட் கடைசி வாரத்தில் தேதியை மாற்றினார். டிக்கெட் பணம் போயிற்று. யாரிடம் கேட்பது?"

தேதி மாறினால் நஷ்டம் யாருடையது என்பதை முதல் பதிலில் சொன்னபடி எழுதி வாங்கியிருந்தால் கிளையன்ட்டிடம். இல்லையென்றால் நல்லெண்ணத்தை நம்பித்தான் கேட்க முடியும். எனவே அடுத்த ஒப்பந்தத்தில் இப்படிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பயணத்துக்கு 14 நாளுக்குள் தேதி மாறினால் ரத்துக் கட்டணமும் கூடுதல் கட்டணமும் கிளையன்ட்டின் பொறுப்பு. நான் கேட்டு இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. அவர்களுக்கும் அது நியாயமாகவே படுகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. போகும் பயணத்தை மட்டும் விட்டுவிட்டு, திரும்பும் டிக்கெட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பகுதிகளைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் தாமாகவே ரத்து செய்துவிடும்.

"இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால் பதினெட்டாயிரம் மிச்சமாகிறது. எடுக்கலாமா?"

முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டு நிறுவனங்களுக்கும் உங்கள் மீது பொறுப்பு கிடையாது. ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை. தனி டிக்கெட் என்றால் இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் விசா தேவைப்படலாம். லண்டன் ஹீத்ரோவில் வெளியே வராமல் மாறுவதற்குக்கூட, அமெரிக்கா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா இல்லாத இந்தியர்களுக்குத் தனி இடைநிறுத்த விசா வேண்டும். திங்கட்கிழமை காலை கிளையன்ட் முன்னால் நிற்க வேண்டிய பயணத்தில் இந்தச் சிக்கனம் வேண்டாம். சொந்தச் சுற்றுலாவில் செய்து பாருங்கள்.

"விமானம் எட்டு மணி நேரம் தாமதம். ஒரு சாண்ட்விச் கூப்பன் கொடுத்தார்கள். அவ்வளவுதானா?"

எங்கிருந்து எந்த நிறுவனத்தின் விமானம் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி நமக்கு மிகவும் பயன்படும். ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமானாலும் இந்த விதி செல்லும். பெங்களூரிலிருந்து அங்கே போவதற்கு, விமானத்தை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும் செல்லும். ஆக, வளைகுடா நிறுவனத்தில் பெங்களூரு, துபாய், மியூனிக் என்று போகும்போது செல்லாது. அதே நிறுவனத்தில் மியூனிக், துபாய், பெங்களூரு என்று ஒரே முன்பதிவில் திரும்பும்போது செல்லும். தாமதம் துபாயில் நேர்ந்தாலும் செல்லும்.

கடைசி இடத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் நஷ்டஈடு கேட்கலாம். 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் 3,500 வரை 400, அதையும் தாண்டினால் 600. பெங்களூருக்கு வரும் விமானம் கடைசி வகை. அதில் தாமதம் நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் தொகையைப் பாதியாகக் குறைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கடும் வானிலை போன்ற அசாதாரணக் காரணம் என்றால் இந்தப் பணம் கிடைக்காது. ஆனால் சாப்பாடும், இரவு தங்க வேண்டிவந்தால் அறையும் அங்கே போய்வரும் வண்டியும் அப்போதும் அவர்கள் பொறுப்புதான். "வானிலை" என்று சொல்லிவிட்டு இதையும் தராமல் அனுப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், போர்டிங் பாஸையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். டிக்கெட்டைக் கிளையன்ட் வாங்கியிருந்தாலும் நஷ்டஈடு பயணிக்கு உரியது, அதாவது உங்களுக்கு. இந்த விதியைத் திருத்தும் பேச்சு 2025-இல் வேகம் பிடித்திருப்பதால் பயணத்தின்போது நிலவரத்தைப் பாருங்கள்.

இந்தியாவில் கிளம்பும்போது, நம் அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிகள் உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ அறை தர வேண்டும். நம் ஐரோப்பிய விமானங்களில் பல அந்த நேரத்தில்தான் கிளம்புகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

"பெட்டி வரவில்லை. மடிக்கணினி சார்ஜரும் துணியும் அதில்தான்."

விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் பெட்டிப் பிரிவில் புகார் எழுதி, எண்ணோடு நகல் வாங்குங்கள். களைப்பில் "நாளை பார்க்கலாம்" என்று அறைக்குப் போனவர்கள்தான் பின்னால் அலைந்திருக்கிறார்கள். இந்தியா 2009-இல் சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி சேதமடைந்தால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். வழக்குக்கு இரண்டு ஆண்டு. அதிகபட்ச ஈடு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. பெட்டி வராத நாட்களில் வாங்கிய சட்டை, பல்துலக்கி எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். வேலைக்கான கருவிகளும் இரண்டு நாள் உடையும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

"மூன்று மாத வேலை. ஹோட்டலா, வீடா, சர்வீஸ் அபார்ட்மென்டா?"

முதல் வாரத்துக்கு ஹோட்டல் அல்லது சர்வீஸ் அபார்ட்மென்ட், மீதிக்கு நேரில் பார்த்து எடுத்த இடம். இதுதான் என் வழக்கம். ஊரிலிருந்தபடியே மூன்று மாதத்துக்கும் பணம் கட்டினால், அலுவலகத்துக்கு இரண்டு ரயில் மாற வேண்டும் என்பது போன பிறகுதான் தெரியும். சமைக்க வசதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ரசம் சாதம் இல்லாமல் இரண்டு வாரம் ஓட்டலாம், மூன்று மாதம் உடம்பு தாங்காது. அறைத் தேதியைப் பதிவதற்கு முன் அந்த ஊரின் கண்காட்சி, திருவிழா நாட்களையும் பாருங்கள். செப்டம்பர் பிற்பகுதியில் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கும், ஏப்ரலில் ஹானோவரில் தொழிற்கண்காட்சி நடக்கும். அந்த வாரங்களில் அறை வாடகை பல மடங்கு ஏறும். ஒப்பந்தத்தில் எழுதிய இரவு வரம்பு அப்போது உதவாது.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சட்டம் உண்டு. சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது, அரசு வீடமைப்புக் கழகமான ஹெச்டிபி வீடுகளுக்கு ஆறு மாதம். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மாதத்துக்கு அறை தருகிறோம் என்று நம்மவர்களே அன்போடு சொல்வார்கள். ஆனால் சட்டம் சட்டம்தான். சோதனைக்கு வந்தால் அறையைக் காலி செய்ய வேண்டியவர் நீங்கள். ஆம்ஸ்டர்டாமில் வீட்டுக்காரர் தம் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆண்டுக்கு 30 இரவுக்கு மேல் விடக் கூடாது. அதனால் "மூன்று மாதமும் இங்கேயே இருங்கள்" என்பவரிடம் முறையான வாடகை ஒப்பந்தம் கேளுங்கள். துபாயில் வீட்டு ஒப்பந்தம் எஜாரி என்ற அரசுப் பதிவு முறையில் பதிவாக வேண்டும்.

ஜெர்மனியில் வீடு எடுத்தால் இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வழக்கமாக வெளிநாட்டில் வசிப்பவர் மூன்று மாதம் வரை தங்கினால் இந்தப் பதிவு தேவையில்லை. அதற்கு மேல் இருப்பவர்கள், "கடிதம் தர மாட்டேன், வாடகையைக் குறைக்கிறேன்" என்று சொல்லும் வீட்டை விட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வரி எண் வரை அந்தப் பதிவைத் தொட்டுத்தான் நடக்கும். விளம்பரத்தில் கால்ட்மீட்ட என்று இருந்தால் வெற்று வாடகை. வார்ம்மீட்ட என்றால் சூடாக்கும் செலவும் பராமரிப்பும் சேர்ந்தது. எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

"உரிமையாளர் வெளியூரில் இருக்கிறாராம். முன்பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார்."

பணம் அனுப்பாதீர்கள். இதை நான் படித்துச் சொல்லவில்லை. 2013-இல் நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்துக்குப் போகுமுன் 650 யூரோ அனுப்பிவிட்டுப் போனேன். அழகான படங்கள், கையெழுத்திட்ட ஒப்பந்தம், அடையாள அட்டையின் நகல் எல்லாம் வந்திருந்தன. மழையில் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த முகவரிக்குப் போய் மணி அடித்தபோது கதவைத் திறந்தவர் அங்கே பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒரு பெரியவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னை உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, தானே மூன்று ஹோட்டல்களுக்குத் தொலைபேசியில் பேசி அறை பிடித்துக் கொடுத்தார். பணம் திரும்பவில்லை. அந்த மாலை எனக்கு ஏற்பட்ட அவமானமும் பயமும் இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கேள்விக்கு எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

அடையாளங்கள் எப்போதும் ஒன்றுதான். வாடகை அந்தப் பகுதியின் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பார். "இன்னும் இருவர் கேட்கிறார்கள்" என்று அவசரப்படுத்துவார். பெயர்பெற்ற தளத்தின் பக்கம் போலவே தோன்றும் ஓர் இணைப்பை அனுப்புவார். நேரலைக் காணொளியில் வீட்டையும், வாசலிலிருந்து தெருப் பெயர்ப்பலகை வரையும் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சு முடிந்தது. கிளையன்ட் அலுவலகத்தில் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்வதில் தவறில்லை. கேட்கக் கூச்சப்பட்டதுதான் என் தவறு.

"காலி செய்து இரண்டு மாதமாகிறது. டெபாசிட் வரவில்லை."

பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதற்குப் பழகியவர்கள் நாம். அங்கே வேறு கணக்கு. ஜெர்மனியில் டெபாசிட் மூன்று மாத வெற்று வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நெதர்லாந்தில் 2023 ஜூலை முதல் இரண்டு மாதம்தான். ஜெர்மனியில் தண்ணீர், சூடாக்கும் செலவுக் கணக்கு முடியும்வரை ஒரு பகுதியை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. முழுவதையும் சும்மா வைத்திருக்க முடியாது.

இந்தச் சண்டை குடியேறும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சாவி வாங்கும்போது அறை அறையாகப் படம் எடுத்து, கீறலும் கறையும் குறித்து, மீட்டர் அளவுகளோடு இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாள் ஒன்று வேண்டும். காலி செய்யும்போது அதே தாளை வைத்து மறுபடியும். அது கையில் இருந்தால், கெடு தேதி குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினாலே பெரும்பாலும் பணம் வந்துவிடும். வராவிட்டால் அந்த ஊர் வாடகைதாரர் சங்கத்தை அணுகுங்கள். ஜெர்மன் நகரங்களில் சிறிய சந்தாவுக்குச் சட்ட ஆலோசனை தருகிறார்கள்.

"இரவு பதினொன்றரைக்குப் போனேன். அறை இல்லை என்றார்கள். பணம் கட்டியிருந்தேன்!"

இரண்டு காரணம் இருக்கலாம். கூடுதலாகப் பதிவு எடுத்திருந்தால், அதே தரத்தில் வேறு ஹோட்டலும் அங்கே போக வண்டியும் அவர்கள் செலவில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அங்கேயே நின்று முன்பதிவுத் தளத்தை அழையுங்கள். "அறை தரவில்லை" என்று ஒரு வரி மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். கோபத்தில் கிளம்பிப் போய்விட்டால் நீங்களே வராததாகப் பதிவாகிவிடும்.

நீங்கள் மாலையில் வராததால் அறையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் அது வேறு. ஐரோப்பாவின் சிறிய ஹோட்டல்களில் இரவு வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார்கள். எத்தனை மணிக்கு வருவேன் என்று முன்கூட்டியே எழுதி, சாவிப் பெட்டியின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

"அங்கே போய்ப் பாஸ்போர்ட் தொலைந்தால்?"

உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதி நகல் வாங்கி, இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். ஜெர்மனியில் பெர்லினில் தூதரகமும், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக் நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன. உடனே ஊர் திரும்ப வேண்டுமென்றால் அவசரச் சான்றிதழ் தருவார்கள், அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். வேலையைத் தொடர வேண்டுமென்றால் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், விசாவுக்கும் தனியாக வழி தேட வேண்டும். தூதரகம் இழுத்தடித்தால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையவழியில் புகார் பதியலாம்.

"வங்கி ஓடிபி வரவில்லை, வாடகை கட்ட முடியவில்லை."

கிளம்புமுன் இந்திய எண்ணில் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவைத்து, அங்கே குறுஞ்செய்தி வருமா என்று உறுதிசெய்யுங்கள். வெவ்வேறு வங்கியின் இரண்டு அட்டைகள் கொண்டுபோய், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கடையில் "ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா?" என்று இயந்திரம் கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், அது எப்போதும் நமக்கு நஷ்டம்.

"உடம்பு சரியில்லாமல் போனால் பயணக் காப்பீடு போதுமா?"

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர எண் 112. மருத்துவமனையில் சேருமுன் அல்லது சேர்ந்த உடனே காப்பீட்டு அட்டையில் உள்ள உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள், பல நிராகரிப்புகள் தாமதத் தகவலால்தான் வருகின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். விசாவுக்காக வாங்கும் மலிவான காப்பீடு அவசரத்துக்கு மட்டும். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அந்த நாட்டில் எந்தக் காப்பீடு கட்டாயம் என்பதை விசா விண்ணப்பத்தின்போதே கேட்டுவிடுங்கள்.

"திரும்பும் விமானம் ரத்து. என் விசா நாளையோடு முடிகிறது!"

விசா முடிவதற்கு முன்பே அந்த ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கோ, விமான நிலையத்திலேயே எல்லைக் காவலரிடமோ போங்கள். ஷெங்கன் விசாச் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் வெளியேற முடியாவிட்டால் விசாவைக் கட்டணமின்றி நீட்டித்துத் தர வேண்டும். ரத்துச் சான்று, புதிய டிக்கெட், காப்பீடு மூன்றையும் காட்டுங்கள். காப்பீட்டையும் அதே அளவுக்கு நீட்டியிருக்க வேண்டும். "ரத்தானது அவர்கள் தவறுதானே" என்று பேசாமல் ஹோட்டலில் உட்கார்ந்திருந்தால், முன்பு சொன்ன கணினிப் பதிவில் அது அனுமதியின்றித் தங்கிய நாளாக விழும்.

"பயணச் செலவையெல்லாம் வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லவா?"

எந்த முறையில் வரி கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம்மில் பலர் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு என்று அறியப்பட்ட அனுமான வருமான முறையில் இருக்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் இதற்கு வேறு பிரிவு எண். இந்த முறையில் வரவில் பாதியை இலாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் தேவையில்லை. மறுபாதிக்குள் எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு டிக்கெட்டையும் வாடகையையும் தனியாகக் கழிக்க முடியாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளையன்ட் திருப்பித் தரும் பயணப் பணத்தையும் விலைப்பட்டியலில் சேர்த்தால், அதுவும் உங்கள் வரவாகக் கணக்கில் ஏறக்கூடும். மூன்று லட்சம் டிக்கெட்டுக்கும் அறைக்கும் போனது, கையில் ஒன்றும் நிற்கவில்லை, ஆனாலும் ஒன்றரை லட்சம் இலாபமாக எண்ணப்படும். முதல் பதிலில், கிளையன்ட்டே நேரடியாகக் கட்டட்டும் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். முடியாவிட்டால் உங்கள் ஊதியத்தை நிர்ணயிக்கும்போதே இந்த வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், கிளம்புமுன் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

"கிளையன்ட் பணம் தராமல் இழுக்கிறார். நானோ அங்கே ஹோட்டலில் நாள் கணக்கில்..."

வாரம் ஒரு விலைப்பட்டியல் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு வாரப் பணம் நின்றால் ஒரு வார இழப்போடு தெரிந்துவிடும். மாத முடிவு என்றால் தெரியவரும்போது இரண்டு மாதம் போயிருக்கும். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் இரண்டு வார அறை வாடகைக்குமான பணத்தை வேறு கணக்கில் போட்டு, அதைத் தொடவே கூடாது. அது கையில் இருக்கிறவர் "பணம் வரும்வரை வேலை நிற்கிறது" என்று எழுதித் தெரிவிக்க முடியும். இல்லாதவர் அடுத்த வாரமும் போய் உட்கார்ந்து வேலை செய்வார். நிலைமை கைமீறினால் அறையை நீட்டிக்காமல் ஊருக்கு வந்துவிடுங்கள். நிலுவைக்காகக் கடிதம் எழுதுவதை அல்சூரிலிருந்தும் செய்யலாம்.

"வீட்டில் என்ன வைத்துவிட்டுப் போக வேண்டும்?"

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், காப்பீடு, ஒப்பந்தத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள். தங்குமிட முகவரி, கிளையன்ட் அலுவலகத்தில் ஒருவரின் எண், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் அவசர எண் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள், அம்மா அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியும் அளவுக்கு. என் உறை பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்குக் கீழே இருக்கும். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை நாலரை. அதையும் அந்தத் தாளில் எழுதிவிட்டால், நீங்கள் எப்போது அழைப்பீர்கள் என்று அவர்கள் சரியான நேரத்தில் காத்திருப்பார்கள்.